என்ஜின் நின்ற பிறகு நான்கு நிமிடம்: டர்பனுக்கு வடக்கே ஒரு நாள் பயிற்சி

தனியார் விமானி உரிமம் பெற்று எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில், நடுவானில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று யார் கேட்டிருந்தாலும் படித்த பாடத்தை வரிசை தப்பாமல் ஒப்பித்திருப்பேன். ஆனால் வாய் சொல்வதைக் கை செய்யுமா என்பதில் எனக்கே ஐயம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்த உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் கட்டாயத் தரையிறக்கத்துக்கு, அதாவது என்ஜின் இல்லாமல் கிடைத்த இடத்தில் இறங்குவதற்கு, கிடைப்பது சிறு பங்குதான். உரிமம் கைக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவனுக்கு அந்தப் பங்கும் மறந்து போகிறது. அதனால்தான், டர்பனுக்கு வடக்கே சிறிய விமானத் திடல் ஒன்றில் இயங்கும் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒரு நாள் கட்டாயத் தரையிறக்கப் பயிற்சியில் சென்ற மாதம் சேர்ந்தேன். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. நிறைகளைப் போலவே ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும், அந்தக் குறையை அவர்கள் அன்றே சரிசெய்தார்கள் என்பதும் அதற்குக் காரணம்.

காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு, பிறகு ஒரு பறப்பு, மதிய உணவு, மாலையில் இன்னொரு பறப்பு என்பது ஏற்பாடு. விமானம், எரிபொருள், பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரேண்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. விமானம் செஸ்னா 172 என் வகை. லைக்கமிங் ஓ-320 என்ஜின், 160 குதிரைத்திறன், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ளது. இந்தக் கார்புரேட்டர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் புதிய வகை என்ஜின் பூட்டிய விமானம் வேண்டுமா என்று முன்பதிவின்போது கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பழைய விமானத்தில்தான் பழைய நோய்களைப் பார்க்க முடியும்.

காலை வகுப்பே இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி. பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். ஃபிரீ ஸ்டேட் மாகாணத்தில் மக்காச்சோளப் பண்ணையில் வளர்ந்தவர். என்ஜின் உடைந்து நின்று போவதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. எரிபொருள் தீர்ந்து போவது, இருக்கும் எரிபொருள் என்ஜினுக்குப் போய்ச் சேராமல் இருப்பது, எரிபொருளில் தண்ணீர் கலந்திருப்பது, கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிப்பது ஆகிய நான்கையும்தான் திரும்பத் திரும்பப் பேசினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னட்டோ என்று இரட்டிப்பாக அமைத்துக் கட்டப்பட்ட என்ஜின், மனிதர் செய்யும் இந்த எளிய தவறுகளின் முன்னால் மட்டும் ஒற்றையாய் நிற்கிறது என்று அவர் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

கார்புரேட்டர் பனியைப் பற்றி, டர்பன் இருக்கும் இந்த நட்டால் பகுதியில் பறக்கிறவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே 25 டிகிரி வெயில், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற புழுக்கம்; இந்த வெக்கையில் பனிக்கட்டி எங்கிருந்து வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே காற்று விரைந்து போகும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் அங்கே வெப்பம் இருபது டிகிரிக்கும் மேல் சட்டென்று இறங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரமே பனியாகப் படிந்து வழியை அடைக்கிறது. திராட்டிலை, அதாவது என்ஜினின் ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, குறைத்து இறங்கும்போது அந்த இடைவெளி இன்னும் குறுகுவதால் ஆபத்தும் கூடுகிறது. இந்துமாக்கடலின் ஈரக்காற்றை நாள் முழுக்க மூச்சாக இழுக்கும் நம் கரையோர விமானங்களுக்கு இது குளிர்நாட்டுக் கதை அன்று. என்ஜினின் சுழற்சி எண்ணிக்கை மெல்ல மெல்ல இறங்கும். விமானி தன்னை அறியாமலே திராட்டிலைச் சற்றே முன்னால் தள்ளி ஈடுகட்டிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் தள்ளுவதற்கு மிச்சம் இருக்காது. மருந்து எளிது: கார்புரேட்டர் சூட்டுக் கைப்பிடியை முழுதாக இழுக்க வேண்டும். இழுத்தவுடன் என்ஜின் இன்னும் மோசமாகும், உருகிய நீரைக் குடித்துவிட்டு இருமும், எண்ணிக்கை மேலும் விழும். அந்தச் சில நொடிகளில் பயந்துபோய்க் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகிறவர்கள்தான் கெடுகிறார்கள். இதை அவர் வகுப்பில் சொன்னதோடு விடாமல், பிற்பகலில் வானத்திலும் செய்து காட்டினார். உண்மையிலேயே கொஞ்சம் பனி பிடித்திருந்தது. கைப்பிடியை இழுத்தவுடன் என்ஜின் இருமிய இருமலைக் கேட்டு என் கை தானாகவே அதைத் திரும்பத் தள்ளப் போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பத்துப் பன்னிரண்டு நொடிகளில் எண்ணிக்கை பழைய இடத்தையும் தாண்டி ஏறியது. கொடுத்த காசு அந்த ஒரு நிகழ்வுக்கே சரியாகிவிட்டது.

இனி அந்தக் குறை. வகுப்பு முடிந்து விமானத்தைச் சோதிக்கப் போனோம். இரண்டு இறக்கைகளின் அடியிலும் என்ஜின் அருகே வடிகட்டியிலும் எரிபொருளைச் சிறிது வடித்துப் பார்த்தோம். விமானப் பெட்ரோல் வெளிர் நீலம். தண்ணீர் இருந்தால் நிறமற்ற குமிழாக அடியில் தங்கும். தண்ணீர் இல்லை, நல்லது. ஆனால் வடித்துப் பார்க்கும் பிளாஸ்டிக் குவளையில் விரிசல். பாதி என் கைமேல் வழிந்தது. அது சிறு விஷயம். பிறகு தொட்டியின் அளவுக்கோலை எடுத்தார்கள். சிறு விமானங்களின் எரிபொருள் முள்ளை யாரும் முழுதாக நம்புவதில்லை என்பதால், தொட்டிக்குள் கோலை விட்டு ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். அந்தக் கோலின் தலையில் கறுப்பு மையால் மூன்று எழுத்துகள் எழுதியிருந்தன. நாங்கள் பறக்கவிருந்த விமானத்தின் பதிவெழுத்துகள் அவை அல்ல. கேட்டதும் பயிற்சியாளர் முகம் மாறியது. அது பெரிய தொட்டி பூட்டிய இன்னொரு 172-இன் கோல். சாதாரணத் தொட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 81 லிட்டர் கொள்ளும், பெரியது 102 லிட்டர். ஆகவே பாதித் தொட்டி எரிபொருள் இருக்கும்போது அந்தக் கோல் ஒவ்வொரு தொட்டியிலும் 10 லிட்டர் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு, இரண்டு பக்கமும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு அது; அதாவது இல்லாத அரை மணி நேரம்.

என்ஜின் நின்றால் எப்படி இறங்குவது என்று கற்றுக்கொடுக்கும் இடத்தில், என்ஜினை நிறுத்தக்கூடிய கோல் ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுபாதையில் இறங்கியதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் எரிபொருள் முட்கள் வேலை செய்யவில்லை. கோல் வைத்து அளந்தார்கள். அளந்ததைக் கிலோகிராமாக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் பெருக்கிவிட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்தது, ஐந்தாறு விமானங்கள் வைத்திருக்கும் பள்ளிக்கு நேர்வதில் வியப்பில்லை. பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் தாமே வந்து எல்லாக் கோல்களையும் எடுத்துச் சரிபார்த்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விமானத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். மதிப்பெண் போடுவதானால் இதற்காக நிறையவே குறைப்பேன். அவர்கள் மழுப்பாமல் நடந்துகொண்டதற்காகப் பாதியைத் திருப்பிக் கொடுப்பேன்.

முதல் பறப்பு. 3,000 அடியில் அவர் திராட்டிலை முழுதாக இழுத்துவிட்டு, "ஆயிற்று, உங்கள் என்ஜின் போய்விட்டது" என்றார். சத்தம் அடங்கியவுடன் மூக்கைத் தூக்கி உயரத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் மனம் சொல்கிறது. செய்ய வேண்டியது நேர்மாறு. மூக்கைத் தாழ்த்தி 65 நாட் (மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்) வேகத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பங்கு இறங்கினால் ஒன்பது பங்கு முன்னே போகலாம் என்பது இந்த விமானத்தின் கணக்கு. 3,000 அடியிலிருந்து காற்றில்லாத நாளில் எட்டுக் கிலோமீட்டர், நேரக் கணக்கில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் இறங்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தொட்டி மாற்றும் திருகு, எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி, கார்புரேட்டர் சூடு, மேக்னட்டோ என்று கைவரிசையாகத் தடவி என்ஜினை எழுப்பிப் பார்க்க வேண்டும். வானொலியில் 'மேடே' என்று ஆபத்து அழைப்புச் சொல்ல வேண்டும். கடைசியில் எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்து, கதவு நெளிந்து மாட்டிக்கொள்ளாதபடி தாழ்ப்பாளை முன்கூட்டியே விடுவிக்க வேண்டும். முதல் முயற்சியில் நான் இந்தப் பட்டியலிலேயே மூழ்கிப்போய் வேகத்தை 80-க்கு விட்டுவிட்டேன். அதற்குள் நான் தேர்ந்த வயல் இறக்கைக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றாவது முயற்சியில்தான் முதலில் வேகம், பிறகு வயல், மற்றவை அப்புறம் என்பது உடம்பில் ஏறியது.

வயலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வடகரையில் உம்லாங்காவைத் தாண்டினால் கீழே தெரிவதெல்லாம் கரும்பு. உள்ளே போகப் போக மேடும் பள்ளமும். காற்றை எதிர்த்து இறங்குங்கள், சரிவு இருந்தால் மேட்டை நோக்கி இறங்குங்கள், மின்கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள், கம்பி அதற்கிடையே இருந்தே தீரும் என்றெல்லாம் பயிற்சியாளர் சொன்னது முற்றிலும் சரி. எதிர்காற்றின் மதிப்பை எண்களிலும் காட்டினார்: 50 நாட் வேகத்தில் தரை தொடும் விமானம் 15 நாட் காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைப் பொறுத்தவரை 35 நாட், அதே காற்று முதுகில் இருந்தால் 65. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை மடங்கு வேறுபாடு. வேகம் குறைவாக இருந்து, நிற்பதற்கு மூன்று நான்கு மீட்டர் சீரான தடை கிடைத்தாலே உள்ளே கட்டிய மனிதர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது காப்பீட்டு நிறுவனத்தின் சொத்து என்று சிரிக்காமல் சொன்னார்.

ஆனால் கரும்பை அவருக்குத் தெரியவில்லை. மக்காச்சோளச் சமவெளியின் கண்ணால் பார்த்து, "அந்தப் பச்சைப் பரப்பு மிருதுவாக இருக்கும்" என்று ஒரு வயலைக் காட்டினார். அன்று மாலை வீட்டில் இதை மாமனாரிடம் சொன்னேன். அவருடைய முன்னோர் 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்து கரைதொட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒப்பந்தக் கூலியாக இந்தக் கரும்புக்கு வந்தவர்கள். அவரும் டோங்காட் பக்கத்தில் கரும்பு வெட்டிய கைதான். "மாப்பிள்ளை, அந்தப் பச்சை உங்கள் தலைக்கு மேலே நிற்கும், அதன் உச்சியைத் தரை என்று நினைத்துத்தான் இறங்க வேண்டும்," என்றார். "வெட்டின வயலானால் உழவுச் சால் ஓடும் திசையைப் பாருங்கள். சரிவிலே சால் குறுக்கேதான் ஓடும், மேட்டைப் பார்த்து ஓடாது. சாலுக்குக் குறுக்கே சக்கரம் விழுந்தால் மூக்குக் குத்திக்கொள்ளும்." மேட்டை நோக்கி இறங்கு என்ற விதியும், சாலோடு இறங்கு என்ற அவர் விதியும் சரிவான கரும்புத் தோட்டத்தில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சாலோடு இறங்கினால் விமானம் சரிவுக்குக் குறுக்கே, ஓர் இறக்கை தாழ்ந்து ஓடும். எது மேல் என்பதை வயலின் சரிவும் அன்றைய காற்றும்தான் தீர்மானிக்கும். தோட்டங்களுக்கிடையே தீத்தடுப்புக்காக விட்டிருக்கும் மண்பாதைகள் இந்த இரண்டையும்விட மேல் என்பது என் எண்ணம். மாமனாரும் அதையே சொன்னார், டிராக்டர் நிற்காதிருந்தால் என்ற நிபந்தனையோடு. இதைப் பள்ளிக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த வகுப்பில் உள்ளூர்ப் பயிர்களைப் பற்றி ஒரு பக்கம் சேர்ப்பதாகப் பதில் வந்தது.

என்னுடைய இரண்டாவது மனக்குறை இந்தப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு முயற்சியும் 500 அடியில் முடிந்துவிடுகிறது. திராட்டிலை முன்னே தள்ளி ஏறிவிடுகிறோம். பிறர் நிலத்துக்கு மேலே அதற்குக் கீழ் போக வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசி நாற்பது நொடிகளில்தான் எல்லாம் தெரியவரும்: மேலிருந்து பட்டுப்போல் தெரிந்த வயலில் ஓடை இருப்பது, வேலி இருப்பது, காற்று திசை மாறியிருப்பது. அந்த நாற்பது நொடியை நான் ஒரு முறையும் பார்க்கவில்லை. இதற்கு ஈடாக, பிற்பகலில் திடலின் ஓடுபாதைக்கு மேலே கொண்டுபோய், திராட்டிலை மூடியபடியே தரைவரை இறங்கும் பயிற்சியை நான்கு முறை கொடுத்தார்கள். முதல் முறை எட்டாமல் போனேன், இரண்டாவது முறை பாதி ஓடுபாதையைத் தாண்டினேன். மூன்றாவதில் அவர் பக்கவாட்டுச் சறுக்கலைக் கையில் எடுக்கச் சொன்னார்: ஒரு பக்கம் இறக்கையைச் சாய்த்து மறுபக்கக் கால்மிதியை மிதித்து, விமானத்தின் விலாவைக் காற்றுக்குக் காட்டினால், வேகம் கூடாமல் உயரம் மட்டும் கரைகிறது. கிம்லியில் விமானி ராபர்ட் பியர்சன் அந்தப் பெரிய 767-ஐ இப்படித்தான் தாழ்த்தினார். அவர் என்ஜினில்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். உயரம் மிஞ்சினால் தொலைக்க வழி உண்டு, குறைந்தால் வாங்க இடமில்லை என்பதால் சற்று மேலாகவே வந்து சறுக்குவது நல்லது. இந்த ரகத்தில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு) 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அதிகமாகச் சறுக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவர் மறக்காமல் சொன்னார்.

புறப்பட்டவுடன் என்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு வாயால் விடை சொல்லாமல் செய்ய வைத்தது இந்தப் பயிற்சியின் இன்னொரு நிறை. 3,000 அடியைத் தரை என்று வைத்துக்கொண்டு ஏறினோம். நடுவே திராட்டில் மூடப்பட்டது. திகைப்புக்காக நான்கு நொடி எண்ணச் சொன்னார். பிறகு 45 டிகிரி சாய்த்துத் திரும்பினேன். அந்தச் சாய்வில் விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் விசையை இழக்கும், வேகம் 19 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆகவே பயத்தில் கட்டுப்பாட்டுப் பிடியைக் கொஞ்சம் அதிகம் இழுத்தாலும் தாழ்வான உயரத்தில் விமானம் கவிழ்ந்துவிடும். 180 டிகிரி முடிந்தபோது ஏறத்தாழ 500 அடி போயிருந்தது. அதோடும் முடியவில்லை: ஓடுபாதை பக்கவாட்டில் கிடந்தது, அதன் நேர்க்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டியிருந்தது. அன்றைய என் கையோடு 800 அடிக்குக் கீழே திரும்ப நினைப்பதில்லை, முன்னால் இருப்பதில்தான் இறங்குவேன் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் பறக்கிறவர்கள் இந்த எண்ணை இரவல் வாங்க வேண்டாம். ராண்ட் விமான நிலையம் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு வீதம் என்ஜின் ஆற்றலை மெலிந்த காற்றே எடுத்துக்கொண்டுவிடுவதால், அங்கே ஏறும் வேகமும் குறைவு, திரும்பும் வட்டமும் அகலம்.

சில்லறைக் குறைகள் இரண்டு. எஞ்சினை முடுக்கிய நிமிடத்திலிருந்தே கட்டணம் ஓடுகிறது. ஓடுபாதை முனையில் மற்ற விமானங்களுக்காகக் காத்திருந்த பதினைந்து நிமிடமும் என் கணக்கில்தான் வந்தது. முன்பதிவின்போதே இதைச் சொல்லியிருக்கலாம். மதிய உணவு என்று கொடுத்த சாண்ட்விச்சைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. டர்பனில் இருந்துகொண்டு, குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' கூட வாங்கித் தராதவர்களை என்ன சொல்வது.

போக நினைக்கிறவர்கள் ஈரம் மிகுந்த நாளைக் கேட்டு வாங்குங்கள், கார்புரேட்டர் உள்ள விமானத்தைக் கேளுங்கள், வடித்துப் பார்க்கும் குவளையைச் சொந்தமாகக் கொண்டு போங்கள், அளவுக்கோலின் தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நான் செப்டம்பரில் மறுபடி பதிவு செய்திருக்கிறேன். அப்போது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கும், பாதி வயல்கள் திறந்து கிடக்கும். பின்னிருக்கைக்கு மாமனாரைக் கேட்டேன். சால்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் பென்சிலும் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.